காய்ந்துவிட்டது என்று சொன்னேன்

இரும்புக்குப் பெயிண்ட் அடிக்கிறவனிடம் எல்லாரும் கேட்கிற கேள்வி ஒன்றுதான். "காஞ்சிடுச்சா?" கேட்டைச் சாத்தலாமா, கிரில்லில் துணி போடலாமா, மாடிப்படியின் கைப்பிடியைப் பிடிக்கலாமா என்று யாரும் தனித்தனியாகக் கேட்பதில்லை. அந்த ஒரு வார்த்தையிலேயே எல்லாம் அடங்கிவிடும். இருபது வருஷத்துக்கு மேலாக நானும் ஒரு வார்த்தையிலேயே பதில் சொல்லிப் பழகிவிட்டேன். எனக்கு நீளமாகப் பேச வராது. நாலு பேர் நிற்கிற இடத்தில் என் குரல் என் காதில் விழுந்தாலே கூச்சமாக இருக்கும். ஐந்தாம் வகுப்போடு படிப்பு நின்றது. அதற்குப் பிறகு கையில் உப்புத்தாள்தான். தேய்ப்பது, துடைப்பது, அடிப்பது. இதில் பேச்சுக்கு என்ன வேலை என்று இருந்துவிட்டேன்.

போன ஐப்பசியில், மழை விட்டிருந்த ஒரு வாரம், காஞ்சிபுரத்தில், பிள்ளையார்பாளையம் பக்கம் ஒரு நெசவாளர் தெருவில் வேலைக்குக் கூப்பிட்டார்கள். கேட்டும் இல்லை, ஜன்னலும் இல்லை. பாவு போடுகிற கம்பிகள்.

அந்தத் தெருவில் விடிகாலையில் பாவை, அதாவது தறியில் ஏற்றுகிற நெடுக்கு இழைகளை, நீளமாக இழுத்துக் கட்டிக் கஞ்சி தெளித்து, இழை சரிபார்த்து, வெயில் ஏறுவதற்குள் சுருட்டி எடுத்துப்போவார்கள். அதற்காகத் தெருவில் இரண்டு இடத்தில் ஜோடி ஜோடியாக இரும்புக் குழாய் நட்டு, ஒவ்வொரு ஜோடிக்கும் மேலே குறுக்காக ஒரு குழாய் பற்ற வைத்திருந்தார்கள். பட்டு இழைகள் அந்தக் குறுக்குக் குழாய் மேலே ஏறித்தான் இழுபடும். மழையில் அது துருப்பிடித்துப் பொரிந்து கிடந்தது. துரு படாமல் இருக்கத் துணி சுற்றியிருக்கிறார்கள். கஞ்சித் தண்ணீரில் துணி நனைந்து, துரு துணி வழியாகவே இறங்கி ஒரு பாவில் கறை வைத்துவிட்டது.

அந்தப் பாவு ஒரு பெண்ணுடையது. என்னைவிடப் பத்து வயது சின்னவள் இருப்பாள். புருஷன் ஸ்ரீபெரும்புதூரில் கம்பெனி வேலைக்குப் போகிறவர், தறி இவளுடையது. வேலை பேச வந்த அன்றே எல்லாவற்றையும் என்னிடம் கொட்டினாள்.

"சந்தனக் கலர்ணா. கல்யாணப் பொடவை. ஒரு சாண் எடத்துல காப்பி கொட்டின மாதிரி ஆயிடுச்சி. மொதலாளி தூக்கி அப்படியே போட்டாரு. மறுபடியும் அதே கலர்ல நூல் குடுத்திருக்காரு, கடைசி தடவன்னு சொல்லி. இதுவும் போச்சின்னா எனக்கு இனிமே நூல் கெடையாது. நீ அடிக்கிற அடியில இந்தக் கம்பி பக்கமே துரு வரக்கூடாது."

தலையாட்டினேன்.

என்ன நிறம் அடிப்பது என்பதிலேயே அரை நாள் போனது. ஒருவர் பச்சை என்றார். அது அந்தக் கட்சி என்றார் இன்னொருவர். நீலம் என்றதும் அதற்கும் ஒரு கட்சி கிளம்பியது. மஞ்சள், சிவப்பு, எதைச் சொன்னாலும் தெருவில் யாராவது ஒருவர் முகம் சுளித்தார்.

"கறுப்பு அடிச்சிடலாம்பா."

"அதுலயும் கட்சி இருக்குது மாமா."

"அப்ப வெள்ளை?"

"எழவு வூடாட்டம் இருக்கும்."

கடைசியில் சாம்பல் நிறம் என்று முடிவானது. "சாம்பலுக்கு எவனும் கொடி புடிக்க மாட்டான்" என்று எதிர்வீட்டுப் பெரியவர் சொன்னதற்கு எல்லாரும் சிரித்தார்கள். நான் அதற்குள் கம்பி பிரஷ்ஷை எடுத்துத் தேய்க்க ஆரம்பித்திருந்தேன்.

துரு விஷயத்தில் நான் ஏமாற்ற மாட்டேன். அதன் மேலேயே பெயிண்ட் பூசினால் இரண்டு மாதம் பளபளப்பாக இருக்கும். உள்ளே துரு தன் பாட்டுக்குத் தின்றுகொண்டிருக்கும். பற்ற வைத்த மூலைகளில் உளி வைத்துக் கொத்தினேன். குழாய் வெள்ளி மாதிரி தெரிகிறவரைக்கும் உப்புத்தாள் போட்டேன். செவ்வாய்க்கிழமை துருத் தடுப்புக்கு ரெட் ஆக்ஸைடு அடித்தேன். புதன்கிழமை எனாமல் ஒரு கோட். மெல்லிசாக, கண்ணாடி மாதிரி விழுந்தது.

வியாழக்கிழமை காலையில் இரண்டாவது கோட் அடிக்கும்போது அந்தப் பெண் பக்கத்தில் வந்து நின்றுகொண்டாள்.

"இன்னாண்ணா, தண்ணி மாதிரி தடவிக்கினு இருக்கற? நல்லா கெட்டியா போடுண்ணா. பெயிண்ட்டுல கஞ்சத்தனம் பண்ணாத."

எனாமலைக் கெட்டியாகப் போடக் கூடாது. மெல்லிசாக இரண்டு மூன்று தடவை அடிக்க வேண்டும். கெட்டியாகப் போட்டால் காய்ச்சின பால் மேல் ஆடை படிகிற மாதிரி மேலே ஒரு தோல் கட்டும். உள்ளே இருப்பது அப்படியே பச்சையாக நிற்கும். இது எனக்குத் தெரியும். கூட வேலை செய்கிறவர்களுக்குச் சொல்லியும் கொடுத்திருக்கிறேன். அவளிடம் சொல்லியிருக்க வேண்டும். ஆனால் அவள் சொன்னதைக் கேட்டுவிட்டு இன்னும் இரண்டு பேர் வந்து நின்றார்கள். நான் பிரஷ்ஷை டப்பாவில் ஆழமாக முக்கி எடுத்து, பட்டையாக அடித்தேன். குழாயின் அடிப்பக்கம் சொட்டுச் சொட்டாகத் தொங்கியது. "இப்ப பாரு, இப்படி!" என்றாள். அவளுக்குத் திருப்தி.

மதியம் சாப்பிட்டுவிட்டு வந்து சாமான்களைக் கட்டிக்கொண்டிருந்தேன். அவள் வந்தாள். பின்னாலேயே எதிர்வீட்டுப் பெரியவரும் வந்தார்.

"காஞ்சிடுச்சாண்ணா?"

விரல் நுனியால் தொட்டேன். ஒட்டவில்லை. "காஞ்சிடுச்சி" என்றேன்.

அவளும் தொட்டுப் பார்த்தாள். ஆனால் விரலால் தொடவில்லை. கஞ்சி போட்ட பட்டைத் தொட்டுப் பார்க்கிற மாதிரி புறங்கையை வைத்து மெதுவாக இழுத்தாள். அவர்களுக்குக் காய்ந்தது என்றால் அவ்வளவுதான், ஈரம் இல்லை என்று பொருள்.

"காஞ்சில அடிச்சது காயாம இருக்குமா?" என்றார் பெரியவர்.

"அப்ப நாளைக்கு விடியக்காலம் பாவு போட்டுடறேன்" என்றாள் அவள். "மழ விட்டிருக்கும்போதே போட்டாதான். நாலு வூட்டு ஆளுங்களுக்குச் சொல்லணும்."

அவள் வேகமாக நடந்து போனாள். என் தலை ஏற்கெனவே சரி என்று ஆடி முடித்திருந்தது.

மொபெட்டை எடுத்துக்கொண்டு ஏனாத்தூர் போனேன். அங்கே காலேஜ் பையன்கள் தங்குகிற ஒரு விடுதியில் கேட் சுரண்டுகிற வேலை. போகிற வழியெல்லாம் ஏதோ ஒன்று அரித்துக்கொண்டே இருந்தது, என்னவென்று பிடிபடவில்லை. கேட்டைத் தேய்க்க ஆரம்பித்தேன். ஒரு பக்கம் முடிக்காமலே இன்னொரு பக்கம் போனேன். உப்புத்தாளை மாற்றினேன். மறுபடியும் பழையதையே எடுத்தேன். டப்பாவை நகர்த்தி வைக்கத் தூக்கியபோது, அதன் வெளிப்பக்கம் காலையில் வழிந்த பெயிண்ட் ஒரு சொட்டாகத் திரண்டு நின்றது. பார்த்தால் கெட்டியாக இருந்தது. கட்டை விரலால் அழுத்தினேன். தோல் கிழிந்து உள்ளே இருந்து சாம்பல் நிறம் ஈரமாகப் பிதுங்கியது.

அப்போதுதான் அரித்தது என்னவென்று தெரிந்தது. ஒரு கேட்டுக்கு அது போதும். கேட்டை யாரும் ஒரு மணி நேரம் அழுத்திப் பிடித்துக்கொண்டு நிற்பதில்லை. ஆனால் பாவு அப்படியில்லை. ஆயிரக்கணக்கான இழைகள், விறைப்பாக இழுத்து, அதே குழாய் மேல் அழுந்திக்கொண்டு கிடக்கும். மேலே கஞ்சி ஈரம், அப்புறம் வெயில். மேல்தோல் தாங்காது. இழைகள் பெயிண்ட்டுக்குள் அமிழ்ந்து உட்கார்ந்துவிடும். பிரித்து எடுத்தால் சந்தனக் கலரில் சாம்பல் பட்டை. துருவுக்காவது ஒரு சாண். இது பாவின் அகலம் முழுக்க, இரண்டு முனையிலும்.

விடுதிக் காவலாளியிடம் தண்ணீர் கேட்டுக் குடித்தேன். அவளுடைய போன் நம்பர் என்னிடம் இல்லை. இருந்தாலும் போட்டிருப்பேனா தெரியாது. போனில் எனக்கு இன்னும் மோசம். வேலையைப் பாதியில் விட்டுவிட்டுக் கிளம்பினேன்.

தெருவுக்கு வரும்போது சாயங்காலம் ஐந்து இருக்கும். வீடுகளுக்குள் தறிச் சத்தம். யாரும் வெளியே இல்லை. குழாயின் அடிப்பக்கம் கட்டை விரலை வைத்து அழுத்தினேன். ரேகை அப்படியே பதிந்தது. கொஞ்சம் தள்ளி அழுத்தினேன். அங்கேயும் பதிந்தது. தெருவின் அந்தப் பக்கம் போய் இன்னொரு குழாயையும் அழுத்தினேன். திரும்ப இங்கே வந்தேன். வெயில் இருந்தாலாவது பரவாயில்லை. காற்றில் மழை வாசனை.

அவள் குடத்தோடு வெளியே வந்தாள்.

"இன்னாண்ணா, இன்னும் போவலியா? பெத்த புள்ளைய தொட்டுத் தொட்டுப் பாக்கற மாதிரி பாத்துக்கினு இருக்கற?"

"இல்லம்மா. நாளைக்கு..." என்றேன்.

"நாளைக்குத்தான். எல்லாருக்கும் சொல்லிட்டேன். எங்க ஊட்டுக்காரு ஷிப்டு மாத்திக்கினு வராரு. அரிசி கூட ஊற வச்சிட்டேன் கஞ்சிக்கு."

"காத்து ஈரமா இருக்குது."

"ஆமாண்ணா, அதான் பயமா இருக்குது. மழ மட்டும் வராம இருந்தா போதும்." வானத்தைப் பார்த்தாள். "நீதான் நல்ல மனசோட செஞ்சி குடுத்த. மாஸ்டர்னு நெறைய பேரு வராங்க, துரு மேலயே பூசிட்டுப் போறாங்க. நீ தேய்ச்ச தேய்ப்ப பாத்துதான் எனக்குத் தைரியமே வந்துச்சி."

அவள் அப்படிச் சொல்லாமல் இருந்திருந்தால் சொல்லியிருப்பேனோ என்னவோ. சொல்லியிருக்க மாட்டேன் என்றுதான் நினைக்கிறேன். வாய்க்குள் வார்த்தை தயாராக இருந்தது. "காயல." மூன்று எழுத்து. அதைச் சொன்னால் அடுத்தது கேட்பாள். அப்புறம் ஏன் காஞ்சிடுச்சின்னு சொன்ன? அதற்கு, நீ கெட்டியா போடச் சொன்ன, நான் போட்டேன் என்றா சொல்வது? மொபெட்டின் ஸ்டாண்டை எடுத்தேன். வரட்டுமா என்றேன். கிளம்பிவிட்டேன்.

வீட்டில் பாதிச் சோற்றைத் தட்டிலேயே வைத்துவிட்டு எழுந்தேன். என் மனைவி என்ன என்று கேட்டாள். ஒன்றுமில்லை என்றேன். என்னிடமிருந்து வருகிற பதில் அதுதான் என்று அவளுக்குத் தெரியும், விட்டுவிட்டாள். வானம் வெளுக்கிறதா என்று பார்த்துக்கொண்டே கிடந்துவிட்டு, முதல் வெளிச்சம் தெரிந்ததும் எழுந்து முகம்கூடக் கழுவாமல் கிளம்பினேன்.

நான் போவதற்குள் பாவு தெருவுக்கு வந்துவிட்டது. நடுநடுவே மூங்கில் கால்கள் நின்றன. சந்தனக் கலர் இழைகள் அவற்றின் மேல் தளர்வாகத் தொங்கின. பத்துப் பன்னிரண்டு பேர் இரண்டு பக்கமும். ஒரு முனையில் அவள் புருஷன் பாவின் முனையைக் கோத்திருந்த கோலைத் தூக்கிக் குறுக்குக் குழாய்க்கு மேலே கொண்டுபோகிறார். இன்னும் இழுக்கவில்லை.

நான் ஓடினேன். ஓடிப்போய் என்ன சொல்வது என்று தெரியாமல் தோளில் இருந்த துண்டை எடுத்துக் குழாய் மேல் போட்டு, இரண்டு முனையையும் பிடித்து என் உடம்பு கனம் முழுவதும் தொங்கவிட்டேன்.

"யோவ், இன்னா பண்ற?"

"பெயிண்டருக்கு இன்னா ஆச்சி?"

எவ்வளவு நேரம் என்று நான் எண்ணவில்லை. மூச்சு வாங்குகிறவரைக்கும் தொங்கினேன். பிறகு துண்டை எடுத்தேன். எடுக்க வரவில்லை, பிய்க்க வேண்டியிருந்தது. பிய்த்த இடத்தில் குழாய் மேல் துண்டின் நூல்கள் மயிர் மாதிரி ஒட்டி நின்றன. துண்டில் சாம்பல் கோடு. அதை அவளிடம் நீட்டினேன்.

"காயல" என்றேன்.

அவள் துண்டைப் பார்த்தாள், குழாயைப் பார்த்தாள். எதிர்வீட்டுப் பெரியவர்தான் ஆரம்பித்தார்.

"நேத்து காஞ்சிடுச்சின்னியேபா?"

"மேல காஞ்சிடுச்சி."

"மேல காஞ்சா இன்னா, கீழ காஞ்சா இன்னா?"

"உள்ள காயல."

"அத நேத்து சொல்றதுக்கு இன்னா? வாயில கொழுக்கட்டையா?"

சிரித்தது ஒருவர்தான். அவள் சிரிக்கவில்லை. புருஷன் இன்னும் கோலைக் கையில் தூக்கிப் பிடித்தபடியே நின்றார். கீழே விடவும் முடியாது, மேலே போடவும் முடியாது. சுருட்டி எடுத்துக்கொண்டு போகலாம் என்றால், ஒரு முனையில் கஞ்சி தெளிக்க ஆரம்பித்துவிட்டிருந்தார்கள். ஈரத்தோடு சுருட்டினால் இழையோடு இழை ஒட்டிப் போகும்.

"மண்ணெண்ண போட்டுத் தொடைச்சிடேன்" என்று ஒருவர் சொன்னார்.

"பட்டு பக்கத்துலயா?" அவள் கத்தினாள். "உனக்கு அறிவு இருக்குதா?"

பிறகு என்னைப் பார்த்தாள். திட்டப் போகிறாள் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"இந்தக் கம்பம் கயிறு தாங்குமா?" என்று கேட்டாள்.

"தாங்கும். கயிறு வழுக்கும். பெயிண்ட் போவும்."

"உன் பெயிண்ட் போவட்டும்." திரும்பி வீட்டைப் பார்த்துக் கூவினாள். "உலக்கைய எடுத்தா! பக்கத்து வூட்லயும் கேளு!"

இரண்டு உலக்கைகள் வந்தன. வழவழப்பாகத் தேய்ந்த மரம். ஈரத்துணியால் துடைத்தார்கள். குறுக்குக் குழாய்க்கு முன்னால், அதில் படாமல், ஒவ்வொரு உலக்கையையும் இரண்டு கம்பங்களோடு கயிற்றால் இழுத்துக் கட்டினார்கள். கயிறு என் எனாமலை உரித்துக்கொண்டு உள்ளே இறங்கியது. நான் சொன்ன மாதிரியே வழுக்கியது. கட்டி முடித்ததும் உலக்கை மெதுவாகக் கீழே சரிய ஆரம்பித்தது.

"முனைக்கு ஒரு ஆள் புடிங்கப்பா."

ஒரு முனையை நான் தோளில் தாங்கினேன். யாரும் சொல்லவில்லை, நகரவும் வழியில்லை. அதன் அடுத்த முனையில் அவள் புருஷன். அந்தப் பக்கத்து உலக்கைக்கு வேறு இரண்டு பேர். பாவை இழுத்தார்கள். அந்தக் கனம் உலக்கை வழியாக என் தோள் எலும்பில் வந்து உட்கார்ந்தது. இழைகள் என் காதுக்கு ஒரு சாண் தூரத்தில் விறைத்து நின்றன.

அப்படி ஒன்றரை மணி நேரம். என் வாழ்க்கையில் ஒரு தெருவின் நடுவே, எல்லாரும் பார்க்கிற இடத்தில், அவ்வளவு நேரம் நின்றதில்லை. பால்காரர் சைக்கிளை நிறுத்திவிட்டு என்னவென்று விசாரித்தார். பதில் சொல்ல நாலு பேர் இருந்தார்கள். ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதமாகச் சொன்னார்கள். ஒருவர் சொன்னதில் நான் குடித்துவிட்டு வந்து பெயிண்ட் அடித்திருந்தேன். நான் குடிப்பதில்லை. அதைச் சொல்ல வாயைத் திறந்தேன், உலக்கை ஆடியது, மூடிக்கொண்டேன். மூக்கு அரித்தது. கால் மாற்ற முடியவில்லை. மேகம் கறுத்துக்கொண்டு வருவது தெரிந்தது, பிறகு விலகியது, மறுபடியும் வந்தது. ஒரு சொட்டு என் கையில் விழுந்தது. மழையா, கஞ்சித் தண்ணீரா என்று கண்ணை இடுக்கிப் பார்த்தேன். கஞ்சித் தண்ணீர்தான்.

அவள் பாவின் நீளம் முழுக்க நடந்தாள். அறுந்த இழைகளைத் தேடிப் பிடித்து முடிச்சுப் போட்டாள். என் பக்கம் வரும்போது முகத்தைப் பார்க்கவில்லை, இழையைத்தான் பார்த்தாள்.

பிறகு வெயில் வந்தது. சுருட்ட ஆரம்பித்தார்கள். என் முனைக்கு வந்ததும் அவள் கையைத் தூக்கி நிறுத்தச் சொன்னாள். உலக்கை மேல் கிடந்த இழைகளை விரித்து, மேல்பக்கம் பார்த்தாள், கீழ்ப்பக்கம் புரட்டிப் பார்த்தாள். வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கினாள். ஒரு இடத்தில் நின்று, குனிந்து, நகத்தால் எதையோ எடுத்தாள்.

"இருக்குதா?" என்று கேட்டேன்.

"உமி." ஊதிவிட்டாள். இன்னும் கொஞ்சம் பார்த்தாள். "இல்ல. ஒண்ணுமில்ல."

உலக்கையை வாங்கிக்கொண்டார்கள். என் கை அதே மாதிரி வளைந்தே இருந்தது, நீட்ட வரவில்லை. அவள் சுருட்டிய பாவைத் தோளில் போட்டுக்கொண்டு என் முன்னால் வந்து நின்றாள்.

"நேத்து சாயங்காலம் இத சொல்லத்தான் வந்தியா?"

தலையாட்டினேன்.

"தலையாட்டாத. வாயால சொல்லு."

"ஆமாம்மா. கெட்டியா அடிச்சது தப்பு. நீ சொல்லும்போதே கூடாதுன்னு சொல்லியிருக்கணும். பயந்துக்கினேன்."

"எனக்கா பயந்த?" என்றாள். கேட்டுவிட்டு, பதிலுக்கு நிற்காமல் வீட்டுக்குள் போய்விட்டாள்.

எதிர்வீட்டுப் பெரியவர் கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தார். மறுநாள் அவருடைய பாவு. அதை எனக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை.

"எப்பதான் தாங்கும் இது?" என்றார்.

"உரிஞ்ச எடத்த தேய்ச்சி, மெல்லிசா அடிக்கணும். நல்ல வெயில் இருந்தா ஒரு வாரம். மேகமா இருந்தா இன்னும் ஆவும்."

"ஒரு வாரமா?"

"ஆமா."

உலக்கை கட்டி நானே வந்து பிடிக்கிறேன் என்றும் சொன்னேன். அவர் வேண்டாம் என்று கையை அசைத்தார். தன் பாவைத் தள்ளிப்போட்டுக்கொண்டார். அதற்கு மேல் கிண்டல் செய்யவில்லை, திட்டவும் இல்லை. அவரும் யாருக்கோ புடவை தருவதாக ஒரு தேதி சொல்லித்தான் வைத்திருப்பார். அது என்னவென்று நான் கேட்கவில்லை. அந்த ஒரு வாரமும் தினமும் அந்தத் தெருவுக்குப் போனேன். அவர் வீட்டுக் கதவைப் பார்க்காமல் குழாயைத் தேய்த்து, அடித்து, பிறகு வந்த நாட்களில் விரலால் அழுத்திப் பார்த்துவிட்டு வந்தேன்.